ரெண்டு பேருக்கு ஒரு போன்

எனக்கும் பொஞ்சாதிக்கும் ஒரு போன்தான். கடைக்கெண்டா நான் கொண்டு போவன், கோயிலுக்கெண்டா அவ கொண்டு போவா. மருமகனுக்குக் கொழும்புல கம்பியூட்டர் வேலை. ஒரு இடத்துக்குப் போன ஆக்கள் அடுத்ததா எங்க போவாங்க எண்டு சொல்லுற சாமான் செய்யிறார். நியூரல் நெட்வேர்க் எண்டு பேராம். "ஆரும் படிப்பிக்கிறல்ல மாமா, பார்த்துப் பார்த்துத்தான் பழகும்" எண்டார். நானும் அப்பிடித்தான் தோணி வலிக்கப் பழகினன். சோதிச்சுப் பார்க்க எங்கட போனிலயும் அதப் போட்டுவிட்டார்.

பொஞ்சாதிக்கு மறதி துவங்கி ஒரு வருசம். உலைய வெச்சிட்டு அரிசி போட மறப்பா. போன மாசம் ஒரு நாள் காலம்பற, ஆத்தங்கரையில மீன் வாங்கிட்டு வாறன், ஆளக் காணல்ல. போன் மேசையில கிடக்கு. நல்ல கொடுவா மீன், அத எங்க வெச்சன் எண்டு இண்டைக்கும் தெரியாது.

லீவுல நிண்ட மருமகன் போனத் திறந்தார். நாலு இடம் காட்டிச்சு. அமிர்தகழிக் கோயில், ஆசுபத்திரி, ஆரையம்பதியில அவட தங்கச்சி வீடு, காத்தான்குடியில ஒரு வட்டிலப்பக் கடை.

"மாமி இனிப்பே தின்னமாட்டாவே. கடைசி பிழை" எண்டார்.

சீனி வருத்தம் எனக்கு. கிளினிக் எண்டு சொல்லிப்போட்டு வியாழனுக்கு வியாழன் அங்க போறது நான். ஒரே போன் எண்டதால அந்தச் சாமான் எங்க ரெண்டு பேரையும் ஒராள் எண்டு நினைச்சிட்டுது.

மோட்டார் சைக்கிள்ல கோயிலுக்குப் போனம், இல்ல. ஆசுபத்திரியிலயும் இல்ல. தங்கச்சிக்குக் கோல் எடுத்தம், அங்கயும் வரல்லயாம். மறுகா நான் சொன்னன்:

"அந்தக் கடையையும் பார்ப்பம்."

"அது பிழை எண்டனே மாமா."

"பிழையில்ல மகன். அது நான்."

அவர் சைக்கிளத் திருப்பினார். கல்லடிப் பாலத்தில, அவ விழுந்திருப்பாவோ எண்டு தண்ணியப் பார்க்கப் பயந்து கண்ண மூடிட்டு இருந்தன்.

கடையில ஃபேனுக்குக் கீழ, மடியில பையோட அவ இருக்கா.

"ஐயா வருவார் எண்டு அரை மணித்தியாலமா இருக்காங்க. தேத்தண்ணி குடுத்தன்" எண்டார் கடைக்காரர். முஸ்லிம் ஆள், காக்கா எண்டுதான் நான் கூப்பிடுறது.

"மீனுக்குப் போன மனிசன் வரல்ல. இஞ்சதான் இருப்பீங்க எண்டு பஸ் ஏறி வந்தன்" எண்டா அவ.

"உனக்கு எப்பிடி இந்தக் கடை தெரியும்?"

"உங்கட சேட்டுப் பையில கடைப் பில் கிடக்கும். கிளினிக்குல ஏலக்கா மணக்குமா?"

மருமகன் சிரிச்சார். பக்கத்துக் கதிரையில இருந்திட்டன். காக்கா வழக்கம் போல எனக்கு ஒரு வட்டிலப்பம் கொண்டந்து வெச்சார். அவ அதத் தன்ட பக்கம் இழுத்து மருமகனுக்குக் குடுத்தா. குடுக்கட்டும் எண்டு இருந்தன்.