பக்கத்துக் காம்பரா அமைதியானபோது

பக்கத்து வீட்டைச் சந்தேகப்படும் படம் எடுக்க எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் லாயக்கில்லாத இடம். அப்படி ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் "பேசாமப் பாருங்க" என்றாள்.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, வெளியே விடாத மழை. மகளின் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து மூன்று பேரும் பார்த்தோம். நகரத்துக்கு வெளியே அடுத்தடுத்து இரண்டு வீடுகள். நடுவில் வேலி, ஒட்ட வெட்டிய புல், ஆளுக்கொரு கார். ஒருவன் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பக்கத்து வீட்டையே பார்க்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் கொல்லையில் எதையோ புதைக்கிறான், அவன் மனைவியைக் காணோம். எதைப் புதைக்கிறான் என்று தெரிந்துகொள்ள இவனுக்குத் தொலைநோக்கி வேண்டியிருக்கிறது, கமரா வேண்டியிருக்கிறது, கூடவே வயிற்றைக் கலக்கும் இசையும்.

எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். வரிசையாகப் பத்துக் காம்பரா, அறைக்கொரு குடும்பம், ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் கூரை வரை போகாமல் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். பக்கத்துக் காம்பரா அண்ணன் தும்மினால், நூறு வயது வாழட்டும் என்று நான் இங்கிருந்தே "நூறு" என்பேன். "ஒனக்கு எரநூறு தம்பி" என்று சுவர் மேலாகப் பதில் வரும். என் மனைவி கருவாட்டைச் சட்டியில் போட்டதும் அண்ணனின் மனைவி, எங்களுக்கு அக்கா, "கழுவிப் போட்டியாடி?" என்று கேட்பார். இந்த லட்சணத்தில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட எங்கே இடம்?

படம் பார்த்த மறுநாளே இடம் கிடைத்தது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை நிற்கிறது. அந்த மழைக்கு முன்பே அதிகாரிகள் வந்து பார்த்து, மண் சரியும், இந்த இடம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கீழே சமதரையில் புது வீடு கட்டித் தருவார்களாம். எல்லோருக்கும் ஒரே தடவையில் இல்லை, முதலில் சில குடும்பங்களுக்கு. யார் அந்தச் சிலர் என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து பத்துக் காம்பராவும் ஒரே சாமியிடம் தனித்தனியாக வேண்டிக்கொண்டிருந்தன. நானும்தான். நான் எதையும் கேலியாகவே பேசுகிறவன், ஹட்டனில் நான் துணி கிழித்துக் கொடுக்கும் புடவைக் கடையில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் மனைவியும் மகளும் மண் சரியாத ஓரிடத்தில் படுத்து எழும்ப வேண்டும் என்பதை மட்டும் நான் ஒருநாளும் கேலியாகச் சொன்னதில்லை.

படம் பார்த்த மறுநாள் காலை அண்ணன் தும்மினார். "நூறு" என்றேன். பதில் இல்லை.

காது கொடுத்துக் கேட்டேன். அண்ணனும் அக்காவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். லயத்தில் கத்தலாம், ஏசலாம், அழலாம். குசுகுசுக்கிறவர்களை மட்டும் நம்பக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எதையோ சுரண்டும் சத்தம். பிறகு அண்ணன் தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு, இந்தப் பக்கம் திரும்பாமல் என் வாசலைக் கடந்து போனார்.

"அண்ணன் எதையோ பொதைக்கிறாரு" என்றேன் மனைவியிடம்.

"எதை?"

"அதுதான் தெரியல. அக்காவைப் பாத்தியா?"

"இப்பத்தான் பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டு நின்னாங்க. நல்லாத்தான் இருக்காங்க."

"படத்துலயும் மொதல்ல எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கொலை இருந்தது. ஆனால் அது நான் தேடிய கொலை இல்லை.

பஸ்ஸில் கடைக்குப் போகும் வழியில்தான் விஷயம் விளங்கியது. புதைக்கவில்லை, மூட்டை கட்டுகிறார்கள்! வீடு கிடைத்துவிட்டது. யாரையோ பிடித்து முதல் ஆளாகச் சேர்ந்துகொண்டு, சத்தமில்லாமல் சாமான் கட்டுகிறார்கள். நாங்கள் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். அன்று ஒரு அம்மாவுக்கு ரவிக்கைத் துணியை அரை மீற்றர் கூடுதலாகக் கிழித்துக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் வயிற்றுவலி என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. மனைவி கொழுந்தெடுக்கப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில். டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தேன். நாற்பத்தைந்து வயது மனிதன், தொப்பை ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம். அண்ணனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவன்கிட்ட மூச்சு விட்றாத. அவனுக்குத் தெரிஞ்சிச்சு, முடிஞ்சிச்சு."

டம்ளர் கையிலிருந்து விழுந்து உருண்டது. அந்தப் பக்கம் சட்டென்று அமைதி. படத்தில் இந்த இடத்தில்தான் கதாநாயகன் துப்பாக்கி எடுப்பான். நான் ஒரு காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு சீனி கேட்கக் கிளம்பினேன்.

அவர்கள் கதவு சாத்தியிருந்தது. எங்கள் லயத்தில் பகலில் கதவைச் சாத்துவது அம்மை போட்ட வீட்டில்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார். உள்ளே அண்ணன் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் சாந்துக் கரண்டி, முகமெல்லாம் சீமெந்துத் தூள். மூலையில் மண்ணும் பெயர்ந்த சுண்ணாம்பும் நிரம்பிய சாக்கு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில், மேலிருந்து தரை வரை ஒரு வெடிப்பு.

"வா தம்பி" என்றார் அண்ணன், ஏதோ திருடி அகப்பட்டவர் மாதிரி.

"எப்ப இருந்துண்ணே?"

"மழை புடிச்ச நாளா. பூசப் பூச விடுது. மண்ணு எறங்குது போல."

"எனக்கு ஏன் சொல்லல?"

அக்காதான் பதில் சொன்னார். "ஒனக்கா? காட்டுப்பன்னி வந்து கக்கூஸு தகரத்துல முட்டுனதுக்கு, மலை சரியுதுன்னு கத்தி லயத்தையே கோயிலுக்கு ஓட வச்சவன் நீ. கடைசிக் காம்பராவுல மாசமா இருந்த புள்ளயும் ஓடுச்சு. நீ தலகாணிய மட்டும் தூக்கிக்கிட்டு ஓடுன. பொஞ்சாதி பின்னாடி வந்தா."

தலையணை மட்டும் இல்லை, போர்வையும் எடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, அதே சுவரில் என் பக்கம் நிற்கும் அல்மாரியை இழுத்தேன். பின்னால் வெடிப்பு இருந்தது. அதில் பழைய சேலைத் துணி வரிசையாக, அழகாகத் திணிக்கப்பட்டிருந்தது. அந்தச் சேலையை எனக்குத் தெரியும், நான் வேலை செய்யும் கடையில் மனைவிக்கு எடுத்தது.

மாலையில் மனைவி வந்ததும் கேட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"பாத்துட்டீங்களா?"

"மகளுக்கும் தெரியுமா?"

"அவதான் மொதல்ல பாத்தா."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க. சரி, கத்துங்க. அதுக்கப்புறம்?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். உண்மையாகவே என்னிடம் பதில் இருக்குமோ என்று கேட்பவள் போலக் கேட்டாள். மறுநாள் காலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு தோட்ட ஆபீஸுக்குப் போனேன்.

வெடிப்பை அறிவித்ததும் ஓர் அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "பயவென்ன எப்பா" என்றார். பயப்பட வேண்டாமாம். சிங்களத்தில் கேட்டதும் எனக்குப் பயம் இரண்டு பங்கானது. மழை பலத்தால் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போங்கள், விட்டதும் வந்துவிடுங்கள் என்றார். வீடு எப்போது என்று அண்ணன் கேட்டார். வரும் என்றார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒரே பதில்தான்.

இரண்டு தடவை மண்டபத்துக்குப் போனோம், இரண்டு தடவை திரும்பி வந்தோம். வேறெங்கே போவது? இப்போது யாரும் குசுகுசுப்பதில்லை. போன ஞாயிறு மத்தியானம் மழை மறுபடி பிடித்தது. அண்ணன் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க பக்கம் எவ்வளவு விட்டிருக்கு, பாரு."

அல்மாரியைத் தள்ளி, துணியை உருவிவிட்டு விரலை நுழைத்தேன். நடுச்சுவர் அரைக்கல் கனம்தான், நாலு அங்குலம். விரல் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ஈரமாக, சூடாக ஏதோ ஒன்று தொட்டது. லயமே கேட்கும்படி அலறினேன்.

"அது என் வெரலுடா" என்றார் அண்ணன்.

மனைவி சிரித்தாள். அந்தப் பக்கம் அக்கா சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது தகரத்தில் மழை இன்னும் பலத்திருந்தது.

"எடுக்காத தம்பி. இன்னும் விரியுதான்னு பாப்போம்."

"பாத்து என்னாண்ணே செய்ய?"

விரலை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.