பிஸ்கட் காரும் அம்மன் விளக்கும்

எங்கள் லூகாங் ஊரில் காருக்கு மின்சாரக் கோளாறு என்றால் பாவ்-சூவிடம்தான் கொண்டுபோவார்கள். அவளுடைய பட்டறை என் நூடுல்ஸ் கடைக்குப் பக்கத்தில். காலையில் சாப்பிட உட்கார்ந்தால் சும்மா சாப்பிட மாட்டாள். தெருவில் போகும் கார் ஒவ்வொன்றின் சத்தத்தையும் கேட்டு, "இதுல பெல்ட் போச்சு" என்று நோய் சொல்லிக்கொண்டிருப்பாள். ஐம்பது வயதாகியும் அந்த வாய் குறையவில்லை.

அப்பேர்ப்பட்டவளை ஜின்-ஃபாவின் பழைய கார் திணறடித்தது. அவர் பிஸ்கட் சுட்டுக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர். ஹெட்லைட் திடீரென்று பளிச்சென்று எரியும், திடீரென்று மங்கும். சார்ஜ் வோல்ட்டேஜ் பதினான்கை ஒட்டி நிற்க வேண்டியது, பதினைந்துக்கு மேல் ஏறி ஏறி இறங்கியது. பாவ்-சூ முதலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றினாள். பிறகு பேட்டரியை மாற்றினாள். ஆட்டம் நிற்கவில்லை.

ஜின்-ஃபா வேறொரு முடிவுக்கு வந்துவிட்டார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் எங்கள் கடல்காக்கும் மாஸு அம்மன் சிலையும் இரண்டு சிவப்பு விளக்குகளும் வைத்திருக்கிறார். வீட்டுப் பங்கில் சண்டை போட்டுத் தம்பி ஜின்-வாங்கோடு பல வருடமாகப் பேச்சில்லை. அம்மனுக்கு அதில்தான் கோபம் என்று போன மாதம் தம்பி வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அப்புறமும் விளக்கு ஆடியது. மனிதர் ஒடிந்துபோனார்.

மூன்றாவது முறையாகக் காரைக் கொண்டுவந்தபோது சொன்னார்: "இன்னைக்கும் சரியாகலைன்னா காயலாங்கடையில போட்டுட்டுத் தொழில விட்டுடறேன், பாவ்-சூ. நான் வண்டி ஓட்டறதே அம்மனுக்குப் புடிக்கல."

"அம்மனுக்கு வேற வேல இல்லையாண்ணே, உங்க ஹெட்லைட்ட வந்து ஆட்டுறதுக்கு?"

பேச்சுதான் அப்படி. அந்தக் கார் காயலாங்கடைக்குப் போனால் தன் பெயரும் கூடவே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

பேட்டரியில் மீட்டரை மாட்டி என் கையில் திணித்தாள். "நம்பர் எகிறினா கத்துய்யா. கடையில கூவுற மாதிரி கத்து."

எஞ்சின் ஓடியது. பெல்ட் இறுக்கமாக இருந்தது, பேட்டரி முனைகள் சுத்தம், எர்த் வயரிலும் குறையில்லை. பிறகு ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். ஃபியூஸ் பெட்டி ஓரமாகக் கை போனதும் எண் எகிறியது.

"பதினஞ்சரை!" என்று கத்தினேன்.

அவள் கை அப்படியே நின்றது. அம்மன் விளக்குக்குப் போகும் வயர் அது. முந்தின இரண்டு முறையும் அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தாள். சாமி சாமானில் கேட்காமல் கைவைக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது.

ஜின்-ஃபா அம்மனிடம் உத்தரவு கேட்டு, குறி பார்க்கும் இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட்டார். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது.

"சரின்னுட்டாங்க. பிரி."

பாவ்-சூ கும்பிட்டுவிட்டு டேப்பைப் பிரித்தாள். உள்ளே ஜாயிண்ட் கடல்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. பேட்டரியின் நிலைமையை ஆல்டர்னேட்டருக்குச் சொல்லும் மெல்லிய வயரை வெட்டி, அதில் விளக்கைக் கோத்திருந்தார்கள். ஜாயிண்ட் கெட்டதால் வண்டி அதிரும்போதெல்லாம் அது பேட்டரி இறங்கிவிட்டதென்று பொய் சொல்லியிருக்கிறது. பழையதை வெட்டி எறிந்து நன்றாக இணைத்தாள். விளக்குக்குத் தனி வயர் இழுத்தாள். மீட்டர் பதினான்கு புள்ளி இரண்டில் நின்றது. எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டும் எண் அசையவில்லை.

ஜின்-ஃபாவின் கண் கலங்கிவிட்டது. "அம்மன் கோபம் தீந்துருச்சு!"

பாவ்-சூ அந்தப் பழைய டேப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, இடக்கையால் சுற்றிய டேப். எங்கள் தெருவில் இடக்கைக்காரி அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டு இருந்து தொலையேன் என்று எனக்கு இருந்தது.

"கோபமும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. ரொம்ப வருசம் முன்னாடி நீங்க விளக்கு மாட்டச் சொன்னப்ப நான் போட்ட ஜாயிண்ட் இது, மறந்தே போச்சு. தப்பு என்னோடது."

அவர் முகம் சுருங்கியது. "அப்போ தம்பி வாசல்ல போய்த் தலகுனிஞ்சு நின்னேனே, அது?"

"வேணும்னா போய் மன்னிப்பத் திருப்பி வாங்கிட்டு வாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"தம்பிகிட்ட மட்டும் இதச் சொல்லிடாத, பாவ்-சூ. அம்மன் அனுப்பி வந்திருக்கேன்னு சொன்னப்புறந்தான் அவன் கதவையே திறந்தான்."