ஆட்டுக்கென்று கொடுத்த கீரை

எங்கள் தோட்டம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தண்டையார்பேட்டையில் கடலோரச் சந்து ஒன்றில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் பின்னால், சமையலறைச் சுவருக்கும் மட்டை வேலிக்கும் நடுவில் ஒரு துண்டு மணல். அதில் ஒரு முருங்கை, ஓர் அவரைப் பந்தல், கொஞ்சம் மிளகாய்ச் செடி. வெயில் காலம் முழுக்க இலைகளில் ரயில் கரி படிந்து கிடக்கும். ஐப்பசி மழை வந்து கழுவிவிட்டால்தான் பச்சை என்பது என்ன நிறம் என்று நினைவு வரும்.

முருங்கை நின்றது என் வீட்டில். சொந்தம் என்னவோ சந்துக்கு. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள். எங்கள் மரத்தை ஒடித்து வளர்க்கச் சந்தே திரண்டு வரும். யாரும் கேட்டுக்கொண்டு ஒடிப்பதில்லை. கேட்டால் எனக்குக் கோபம் வரும், நான் என்ன அந்நியமா என்று.

வேலிக்கு அந்தப் பக்கம் கட்டுமரக்காரர் வீடு. அவர் மனைவி என்னைவிட மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு ஆடு வைத்திருந்தாள். காலையில் சட்டியோடு வந்து, நான் அரிசி கழுவிய நீரை ஆடுகளுக்கு வாங்கிக்கொண்டு போவாள். போகிற போக்கில் ஒரு கொத்துக் கீரையும் ஒடித்துக்கொள்வாள்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், துறைமுகத்துப் பக்கம் என் வீட்டுக்காரர் வேலை செய்த பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருக்கும் வேலை போயிற்று. அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று முடிவு கட்டியது அவரில்லை, நான். காலையில் சங்கு ஊதியதும் காக்கிச் சட்டையை மாட்டச் சொல்லி, டிபன் கேரியரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். அவர் எங்கெங்கோ வேலை கேட்டு அலைந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்குத் திரும்புவார். எனக்குப் பசி பெரிதில்லை. சந்து என்னைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிப் பேசுகிறார்களே, அதற்கும் முதலில் சோறு வேண்டும்.

ஐப்பசியில் எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும்தான். அரிசி இல்லையென்றால் கழுவிய நீரும் இல்லை. சட்டியோடு வந்து நின்றவளிடம் ஒரு நாள், "கால் தட்டிக் கொட்டிட்டேன்க்கா" என்றேன். மறுநாள், பிள்ளை கொட்டிவிட்டான் என்றேன். அதற்கு மறுநாள் அவள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை. கீரை ஒடிக்க வருகிறவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். இலை மிச்சமாகிறதே என்று எனக்கு உள்ளூர நிம்மதி. மழைக்காலத்தில் யாருக்குக் கீரை வேண்டியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை நாள் சந்து முழுவதையும் ஏமாற்றிவிட்டேன் என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். கட்டுமரங்களை மணலில் மேலே இழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். விடாத மழை. ஒரு விடியற்காலை மடமடவென்று சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், முருங்கை வேலியோடு சாய்ந்து சந்துக்குள் கிடந்தது. அவரைப் பந்தலையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது.

ஒரு கிளை முறிந்தாலே முறமும் கூடையுமாக வந்து நிற்கிற சந்து அது. இப்போது மரமே விழுந்து கிடக்கிறது. எல்லோரும் வந்து உருவிக்கொண்டு போனால் என் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டபடி வாசலில் நின்றேன். யாரும் வரவில்லை. குடம் தூக்கிப் போனவர்கள் இலைமேல் கால் படாமல் ஒதுங்கிப் போனார்கள். உச்சிப் பொழுதாகியும் ஒரு காம்பு குறையவில்லை.

அப்போதுதான் அக்கா வீட்டு ஆடுகளைப் பார்த்தேன். சந்தெல்லாம் கட்டில்லாமல் திரிகிற ஆடுகள். அன்றைக்குக் கயிற்றைக் குறுக்கி முளையில் கட்டியிருந்தாள். எதிரே பச்சைப் பசேலென்று மரம் கிடக்க, அவை கழுத்தை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன.

என் கீரையை அவை தின்றுவிடக் கூடாது என்றுதான் கட்டியிருக்கிறாள். எல்லோருக்கும் தெரியும். கழுநீர் நின்ற அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், காலையில் காக்கிச் சட்டையோடு போகிற மனுஷரைப் பார்த்து "இன்னா நைனா, வேலைக்கா?" என்று தினமும் கேட்டிருக்கிறார்கள்.

அழுதுகொண்டே கீரையை ஒடித்தேன். பெரிய கட்டாகக் கட்டி, எனக்கொன்றும் குறைவில்லை என்று காட்டுகிற வீம்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் ஒரு மூலையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே என்னை மறித்தாள்.

"கீரை இன்னாத்துக்குமே எனக்கு? எங்கூட்ல மீன் கொயம்பு கொதிச்சிகினு கீது. நீயே வச்சிக்கோ, புள்ளைங்களுக்கு ஆவும்."

கட்டுமரம் கடலில் இறங்கி ஒரு வாரமாகிறது. அவள் தோளுக்குப் பின்னால் அடுப்பு தெரிந்தது. அதில் பூனை சுருண்டு படுத்திருந்தது. வலை தைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

இத்தனை நாளும் என் வீட்டு அடுப்பை மறைப்பதிலேயே குறியாக இருந்தேனே, வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அடுப்பு இருப்பதை நினைத்தேனா?

"ஆமாக்கா, மீன் வாசன எங்கூடு வரிக்கும் வருது" என்றேன். திரும்பி இரண்டடி வைத்தவள் நின்றேன். "ஆட்டுக்காச்சும் போடுக்கா. பாவம், காலைலேர்ந்து கத்திகினு கீது."

அவள் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஆட்டுக்குன்னா குடு" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மழை விட்டது. ஆடுகள் கத்துவதை நிறுத்தவில்லை. விழுந்த வேலியின் வழியாக, பூண்டு தட்டிப் போட்டு முருங்கைக் கீரை வதக்குகிற வாசனை வந்தது. நான் எழுந்து பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். எனக்கு அந்த வாசனை தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியக் கூடாது.