கஞ்சி குடித்த கார்

வெள்ளை நூலின் நுனியில் கட்டிய ஒரு சின்ன உலோகத் துண்டு, சூடாகிக்கொண்டிருக்கும் தண்ணீருக்குள் மெல்ல இறங்குகிறது. நூலைப் பிடித்த விரல்களில் அசைவே இல்லை. இன்னொரு கை அடுப்பின் திருகை ஒரு மயிரிழை திருப்பித் தீயைக் குறைக்கிறது. பாத்திரத்தின் விளிம்பில் நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று சாய்ந்து நிற்கிறது.

"வல்லி, அது நாளைக்கு மறுபடியும் ரசம் வைக்கப்போற பாத்திரம்தானே?" என்று கூடத்திலிருந்து ஓர் ஆண்குரல்.

"ஆமா. உங்களுக்கு மட்டும் அதுல வைக்கிறேன். சும்மா இருங்க."

தண்ணீருக்குள் தொங்குவது ஒரு பழைய காரின் தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடேறியதும் தானாகத் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு ஆறப் போகச் சொல்லும் கதவு அது. இந்தச் சூட்டுக்குத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. விரல்கள் அதை மேலே தூக்கி, துணியில் வைத்து, கதவின் உதட்டில் ஒட்டியிருந்த வெளுத்த படலத்தை நகத்தால் சுரண்டின. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தன. பிறகு மூக்குக்குப் போயின.

"துரு இல்ல. சுண்ணாம்பும் இல்ல." மறுபடி ஒருமுறை முகர்ந்து பார்த்தார். "கஞ்சி."

ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்த சாதனா, சுவரில் தொங்கிய காலண்டரை மிகுந்த கவனத்தோடு படிக்க ஆரம்பித்தாள்.

சுந்தரவல்லிக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. குடியிருப்பும் அங்கேயே; அதே கட்டடத்தில் நான் கீழ்த்தளம். அவருடைய அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஆனால் கார் வேலையை யாரும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய பழைய காரை மெக்கானிக்குகள் ஆளுக்கொரு விதமாகக் கெடுத்ததைப் பொறுக்க முடியாமல், ஒரு தீபாவளி விடுமுறையில் பிரித்துப் போட்டார். பூட்டியபோது அது ஓடியது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. இந்த வங்காள நகரத்தில் பழைய கார் வாங்க நினைக்கிற தமிழர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: "முதல்ல வல்லிக்கா பாக்கட்டும்."

வல்லிக்கா பார்க்கும் விதமே தனி. எடுத்ததும் பானெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டார். கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுப்பார். மழைக்காலத்தில் தெருவில் முட்டியளவு தண்ணீர் நிற்கிற ஊர் இது. அதில் முங்கி எழுந்த காரை விற்கிறவன் சீட்டைக் கழுவுவான், தரைவிரிப்பை மாற்றுவான், சென்ட் அடிப்பான். உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தை மட்டும் மறந்துவிடுவான். அங்கே பழுப்பாக ஒரு சேற்றுக்கோடு தெரிந்தால், "ரொம்ப நல்லா இருக்குங்க, வர்றோம்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிடுவார்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு இன்ஜினையே அதட்டுவார்: "நடிக்காத." மல்லிக் பஜாரின் பழைய உதிரிபாகக் கடைகளில் அவர் நுழைந்தால் பெஞ்சில் இடம் விடுகிறார்கள். பளபளப்பான பெட்டியை நீட்டும் கடைக்காரரிடம் அவர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: "நோதுன் நா தாதா, பாலோ தாவ்." புதுசு வேண்டாம், நல்லது கொடு. பொன்மலை வாடையடிக்கும் அந்த வங்காள மொழியைக் கேட்டுச் சிரித்தபடி, கடைக்காரர் உள்ளே போய்க் கறுத்துப்போன வேறொன்றை எடுத்து வருவார்.

இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "டிராம், ரிக்‌ஷா, தள்ளுவண்டி, எல்லாம் ஒரே ரோட்ல எதிர்ல வருது. அந்த தைரியம் எனக்கில்ல" என்பார். ஓட்டுவது கணவர் விஸ்வநாதன். வல்லிக்கா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்கள் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். "கியர மாத்துங்க, கெஞ்சுது பாருங்க" என்று குரல் வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

சாதனா, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்தவள். அரிசியும் உளுந்தும் ஊறுவது சால்ட் லேக் வீட்டில். பெரிய கிரைண்டர் இருப்பது ஜாதவ்பூரில் ஒரு கொட்டகையில். நடுவே டிரம்களைச் சுமக்கத்தான் அந்தச் சாம்பல் நிறப் பழைய கார். முதலில் ஒரு ஹோஸ் கிழிந்தது. அதை மாற்றிய பிறகும் நெரிசலில் நின்றால் இன்ஜின் கொதித்தது. இரண்டு மெக்கானிக்குகள் இன்ஜினையே மாற்றச் சொன்னார்கள். அதற்கு அவளிடம் வழியில்லை. பழைய மேனேஜர் அவளுடைய இடத்தைத் திங்கட்கிழமை வரைதான் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று சனிக்கிழமை.

"ரேடியேட்டர்ல கஞ்சி எப்படிம்மா வந்துச்சு?" என்றார் வல்லிக்கா.

"தெரியலயே ஆன்ட்டி."

"வண்டி தானா காய்ச்சிக் குடிச்சுதா?"

சாதனா காலண்டரை விட்டுத் திரும்பினாள். "ஹோஸ் கிழிஞ்ச அன்னிக்கு சிங்ரிகாட்டா சிக்னல்ல நின்னுட்டேன். புகையா வருது. பின்னாடி எல்லாரும் ஹாரன். பாட்டில்ல தண்ணி இல்ல. டிரம்ல அரிசி ஊறின தண்ணி இருந்துச்சு... துண்டால கிழிசலக் கட்டிட்டு, அத வடிகட்டி ஊத்திட்டேன்."

"வடிகட்டினியா?"

"கையாலதான்."

கூடத்திலிருந்து விஸ்வநாதன் சிரித்த சிரிப்பு கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். "சாய் கிருஷ்ணாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள்" என்றாள் சாதனா, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில். சாய் கிருஷ்ணா அவள் கணவன்.

வல்லிக்கா சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். அரிசி மாவைக் கரைத்து அடுப்பில் வைத்து, கரண்டி நிற்கிற பதத்துக்கு ஒரு கஞ்சி காய்ச்சினார். அலமாரியிலிருந்து தான் தினமும் காலையில் குடிக்கும் முளைகட்டின கேழ்வரகு மாவை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் மறுபடி மறுபடி வடித்தார். சூடு தணிந்த கஞ்சியை ஒரு டம்ளரில் எடுத்து, தெளிந்த நீரில் இரண்டு கரண்டி ஊற்றிக் கலக்கி மூடிவைத்தார்.

"டீ குடிங்க" என்றார்.

குடித்துவிட்டு வந்தோம். மூடியைத் திறந்து டம்ளரைச் சாய்த்தார். கரண்டியை நிற்க வைத்த கஞ்சி, தண்ணீராக ஓடியது. நான் டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தேன். அடியில் எதுவும் இல்லை.

"முளைவிட்ட தானியம் மாவுப்பசைய அறுத்துடும். அதனாலதான் முளைகட்டின மாவுல எவ்வளவு காய்ச்சினாலும் கெட்டியாகாது" என்றார் வல்லிக்கா, உப்பு குறைவு என்று சொல்கிற குரலில்.

அன்று முழுவதும் காரின் வயிற்றில் கேழ்வரகுத் தண்ணீர் ஓடியது. குளிர்காலத்துக் குளியல் பதத்துக்குச் சூடு. அதற்கு மேல் ஏறவிடவில்லை. "கொதிச்சா இதுவும் செத்துடும்" என்று இன்ஜினை அணைப்பதும் போடுவதுமாக இருந்தார். ஞாயிறு காலை ரேடியேட்டரைக் கழற்றி, தண்ணீர் வரும் வழியாக அல்லாமல் போகும் வழியாகக் குழாயைச் செருகித் திறந்தார். முதலில் பால் நிறத்தில் வந்தது. பிறகு நான்கைந்து அரிசி மணிகள், வெந்தும் வேகாமலும். அவற்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, "பொன்னி" என்றார். சாதனா தலையசைத்தாள். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்த பிறகும் வல்லிக்கா குழாயை மூடவில்லை. கையில் பிடித்து, விரலில் தேய்த்து, முகர்ந்து, வழவழப்பு போன பிறகே மூடினார்.

தெர்மோஸ்டாட் மறுபடி நூலில் தொங்கி ரசப் பாத்திரத்தில் இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றிக் குனிந்து நின்றோம். அதன் தலையில் பொறித்திருந்த சூட்டளவைத் தெர்மாமீட்டர் தொட்டதும், அந்தச் சின்னக் கதவு ஓசையில்லாமல் இமை பிரிவதுபோல் திறந்தது.

சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது துர்கா பூஜைக்கு முந்தைய ஞாயிறு மாலையின் கரியாஹாட் கடைத்தெரு. துணிக்கடைக் கூட்டம் சாலையில் வழிந்துகொண்டிருந்தது. ஓட்டியது சாதனா. பக்கத்தில் வல்லிக்கா, கண்ணை மூடியபடி. பின்னால் ஊறிய அரிசி டிரம்களுக்கு நடுவில் நான். ஏசியைப் போடச் சொன்னார். கார் நகரவே இல்லை. சாதனாவின் கண் சூட்டைக் காட்டும் முள்ளை விட்டு நகரவில்லை. அது பாதிக்கு ஏறியது. அங்கேயே நின்றது.

போன் அடித்தது. "சாய் கிருஷ்ணாதான். மேனேஜருக்கு என்ன பதில்னு கேக்கத்தான்" என்றாள் சாதனா.

"ஓட்டும்போது போன் எடுக்காத" என்றார் வல்லிக்கா, கண்ணைத் திறக்காமல். சற்றுப் பொறுத்து, "ரேடியேட்டர் ஃபேன் ஓடுச்சு. நின்னுச்சு. சரியா இருக்கு" என்றார். எனக்கு ஹாரன்களைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

ஜாதவ்பூர் கொட்டகை வாசலில் இறங்கியதும், "சாவியக் குடு" என்றார். பானெட்டைத் தூக்கி மேல் ஹோஸைத் தொட்டார், கீழ் ஹோஸைத் தொட்டார், மூடினார். பின்சீட்டில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் கேனை வைத்துக் கயிற்றால் கட்டினார். அதன் மேல் சாக்பீஸால் எழுதியிருந்தது: வண்டிக்கு.

போன் மறுபடியும் அடித்தது. சாதனா அதை எடுத்து டிரம்மின் மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றாள். வல்லிக்கா இடுப்பில் செருகியிருந்த வெள்ளை நூலை உருவி, சாவியின் வளையத்தில் கோத்து முடிச்சிட்டார். நூலின் மறுநுனியைப் பிடித்துத் தூக்கி, ஆட்டம் நிற்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, கொதிக்கிற பாத்திரத்துக்குள் இறக்குகிற அதே நிதானத்தோடு, விரிந்திருந்த அவளுடைய உள்ளங்கைக்குள் அதை இறக்கினார்.