நல்ல தண்ணீரில் கழுவிய சிப்பி

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எங்கள் குப்பத்தில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியின் செவுள், கடல்நீரில் கரைந்திருக்கும் அமினோ அமிலத்தை நேராக உறிஞ்சிக்கொள்ளும். அதை உள்ளே கொண்டுபோவது செல் சவ்வில் இருக்கும் புரதம். அந்தப் புரதத்தில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சல்ஃப்ஹைட்ரில் தொகுதி உண்டு; பாதரச மருந்தால் அதை அடைத்தால் உறிஞ்சுவது நின்றுவிடும் என்பது என் கட்சி.

"மருந்து செல்லையே கொன்றிருக்கலாமேம்மா" என்றார் பேராசிரியர். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெர்காப்டோஎத்தனாலால் பாதரசத்தைக் கழற்றிவிட்டால் அதே செவுள் மறுபடி உறிஞ்சும், செத்தது எங்கேயாவது உறிஞ்சுமா, காட்டுகிறேன் சார் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

காட்ட முடியவில்லை. செவுள் கிடந்த நீரில் நின்ஹைட்ரின் விட்டுக் கொதிக்க வைத்தால், அதில் மிஞ்சிய அமினோ அமிலம் ஊதா நிறம் காட்டும். மருந்தே படாத செவுள், நான் கலந்த கிளைசினை உறிஞ்சி நீரை வெளுக்கச் செய்திருக்க வேண்டும். அந்தக் குழாயே கத்திரிக்காய் நிறத்தில் நின்றது. ஆறு வாரம் இதே கதை. மாதக் கடைசிக்குள் சரியாகவில்லையென்றால் தலைப்பையே மாற்றிவிடு என்றார் பேராசிரியர். இரண்டு வருட உழைப்பு போய்விடும்.

சிப்பி எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. அண்ணன் பாறையிலிருந்து பெயர்த்துவருவார். என் நேரம் மிச்சமாகட்டும் என்று அண்ணி ஒரு பக்க ஓட்டை நீக்கி, தூக்குவாளியில் கடல்நீரோடு போட்டுக் கொடுப்பார். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் காலை பஸ்ஸில் அண்ணன் கொண்டுவந்து தருவார். ரசாயனங்களையெல்லாம் சோதித்து முடித்த பிறகு, ஒரு சனிக்கிழமை நானே ஊருக்குப் போனேன்.

வீட்டுப் பின்புறம் அண்ணி சிப்பியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் குடத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீர். எங்கள் கிணறு உப்பு. அந்தக் குடத்துக்கு அவர் ஒரு மைல் நடந்திருப்பார்.

"இன்னா அண்ணி பண்ற?"

"கழுவுறேன். மூணு தபா. நாத்தம் போவ வேணா? நீதான அன்னிக்கி அழுதுகினு வந்த, காலேஜில அல்லாரும் மூக்கப் பொத்திக்கிறாங்கன்னு."

உப்பு நீரில் வாழும் செவுளை நல்ல தண்ணீரில் முக்கினால், பிறகு கடல்நீரில் போட்டாலும் தன்னிடம் இருக்கும் அமினோ அமிலத்தையே வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பாடத்தில் படித்ததுதான். ஆறு வாரமாக என் குழாயில் ஊதாவாக நின்றது அதுதான். வெட்கமாக இருந்தது. ஆய்வைக் கெடுத்தது அண்ணி இல்லை, எங்கள் வாடையைப் பற்றி நான் அழுத அழுகை.

"இனிமே கழுவாத அண்ணி."

"அழுக்கோட அனுப்புனா உன்ன இன்னா நெனப்பாங்க?"

"நெனச்சிகினு போவட்டும்."

திங்கட்கிழமை கழுவாத சிப்பி வந்தது. மருந்து படாத குழாய் வெளுத்தது. பாதரசம் பட்டது ஊதாவாகவே நின்றது. மெர்காப்டோஎத்தனாலில் ஊறவைத்து அலசிய செவுளின் குழாய், முதல் குழாய் அளவுக்கே வெளுத்தது. திரும்பச் செய் என்றார் பேராசிரியர். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் வெளுத்தது. வராந்தா முழுக்க மெர்காப்டோஎத்தனாலின் அழுகிய முட்டை நாற்றம். நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

"இவ்வளவு நாள் என்ன கோளாறு?" என்று கேட்டார். குப்பம், அண்ணி, குடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். நல்ல தண்ணீர் படக் கூடாது என்பதைச் செய்முறையில் எழுது என்றார்.

எழுதினேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயராக அண்ணியின் பெயரைப் போட்டேன். வழிகாட்டியின் பெயர்தான் முதலில் வருவது வழக்கம் என்றார் பேராசிரியர்.

"ஆமாம் சார், வழக்கம்தான்" என்றேன். டைப் அடித்திருந்தபடியே பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.