ஓரகத்தியின் சாயச்செடி

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, நூலுக்குச் சாயம் போடுகிறவள். கையிலிருந்து மஞ்சள் நிறம் போகவே போகாது. அதனால் தெருவில் அவளுக்கு மஞ்சக்கை என்றே பெயர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் கல்லும் காரையுமாகக் கிடந்த மூலையில் ஒரு சாயச்செடி வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்றமாட்டாள், உரம் போடமாட்டாள். அது பாட்டுக்குக் குச்சி குச்சியாக நின்று, கோடை வந்ததும் இலை தெரியாமல் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும்.

நான் விடுவேனா? அவளிடமே விதை வாங்கி, நல்ல மண்ணாகப் பார்த்து ஊன்றினேன். எரு போட்டேன், இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். மூன்று வருஷத்தில் தளதளவென்று இலையாய்த் தள்ளியதே தவிர, எண்ணிப் பத்துப் பூ இல்லை.

"அக்கா, ரொம்பச் செல்லம் குடுத்துட்டீங்க. கொஞ்சம் காயப்போடுங்க" என்றாள். யார் கேட்டார்கள் இவளிடம் புத்திமதி?

செடி கிடக்கட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. என் ஒரே மகள் காலேஜ் விட்டதும் பையை என் வீட்டில் எறிந்துவிட்டு அங்கேதான் ஓடுவாள். பூ நுனிகளை நறுக்குவதென்ன, நூலைப் படிகாரத் தண்ணீரில் ஊறப்போடுவதென்ன, பானை தளதளவென்று கொதித்துவிடாமல் அடுப்பைத் தணிப்பதென்ன! என் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடச் சொன்னால் மட்டும் தலைவலி வந்துவிடும். "சித்தி சொன்னாங்க", "சித்தி கேட்டாங்க" என்று மூச்சுக்கு மூச்சு சித்திதான். பெற்றவள் நான், கொண்டாட்டம் அவளுக்கு.

போன வருஷம் பூவெல்லாம் முடிந்திருந்த சமயம், கொழுந்தன் குடும்பம் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தது. வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு, இந்த வயதில், சுவரேறிக் குதித்தேன். ஒரு கிளை மிச்சம் வைக்காமல் தரையோடு தரையாக வெட்டித் தள்ளினேன். செடி ஒழிந்தால் மகள் வீடு வந்து சேருவாள், அவ்வளவுதான் என் நினைப்பு.

திரும்பி வந்தவள் கேட்பாள் என்று, ஆடு மேய்ந்துவிட்டதாகப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. இந்தக் கோடையில் அந்தக் கட்டையிலிருந்தே முப்பது தளிர் கிளம்பி, முன்னைவிட இரண்டு மடங்கு பூத்துத் தொலைத்தது.

நேற்று சுவரோரம் வந்தாள்.

"நல்லவேளை வெட்டிவிட்டீங்க அக்கா. கிழட்டுச் செடி, அடியோட வெட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல."

"யார் சொன்னா, நான் வெட்டினேன்னு?"

"பாப்பாதான். அவ கேட்டுக்கிட்டதாலதான் நீங்க கவாத்து பண்ணீங்களாமே. அன்னைக்குக் காலேஜ் லீவாம், மாடியிலிருந்து பாத்தாளாம்."

அவளுக்குப் பின்னால் என் மகள் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஒரு வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பொய்யை என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, சித்தி மனசு நோகக்கூடாதென்று சொன்னாளா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.