குண்டு போட்டவள்

தொண்ணூறுகளின் நடுவில் சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே, இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு டொச் என்கிற ஜெர்மன் மொழியில் கடிதங்களும் எழுதிக் கொடுத்து வந்தேன். அதில் எனக்குத் தலைக்கனம் அதிகம்.

எங்கள் கட்டடத்தில் இருந்த சுகந்தி, ஊரில் குண்டு போடுதலில் பல பரிசுகள் வென்றவள். அசாதாரணத் திறமையுள்ள வீராங்கனை என்று நிரூபித்து அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிக்க இருந்தாள். வழக்கறிஞருக்காகப் பழைய பத்திரிகைச் செய்திகளை டொச்சில் எழுதித் தரச் சொன்னாள். அந்த விளையாட்டின் டொச் பெயர் எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்க மனமில்லாமல், அகராதியில் 'குண்டு' என்பதற்கு முதலில் கிடந்த சொல்லை எழுதிவிட்டேன்.

"ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை."

"உமக்கு விளங்காது, விடும்."

சூரிச்சுக்கு மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். அதைப் படித்த வழக்கறிஞரின் முகம் மாறியது. "இவர் எங்கே வெடிகுண்டு வீசினார்? கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

"என்னவாம் அண்ணை?" என்றாள் சுகந்தி.

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவள் எழுந்து, கழுத்தோரம் கையை மடித்து வைத்து, உடம்பைத் திருப்பி, இல்லாத குண்டொன்றைத் தள்ளிக் காட்டினாள். வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே சரியான சொல்லை எழுதினார். அவள் சிரிக்கவில்லை.

"இது இப்பிடியே போயிருந்தா எனக்கு விசா இல்லை அண்ணை, மறியல்தான். பிடிச்சு உள்ளுக்குப் போட்டிருப்பாங்கள்."

இப்போதெல்லாம் எழுதியதை உரியவருக்கு வாசித்துச் சொல்லாமல் கொடுப்பதில்லை. தெரியாத சொல் வந்தால், "எனக்கு இது தெரியாது" என்கிறேன். இந்தச் சின்ன வசனம் அன்று எனக்குத் தமிழில்கூட வரவில்லை.